சமோவாரும் அறுபத்தேழு கோடுகளும்

உலகத்தில் எங்கே போனாலும் தப்ப முடியாத ஒரு மனிதர் இருக்கிறார். நீங்கள் எதைக் காட்டினாலும் அது அவரிடம் ஏற்கெனவே இருக்கும். ஈபிள் கோபுரத்தைக் காட்டினால் தங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தின் உயரத்தை அடிக்கணக்கில் சொல்வார். உங்கள் பேரனுக்கு முதற்பல் முளைத்த செய்தியைச் சொன்னால், தன் பேரனுக்கு அது ஐந்தாம் மாதமே முளைத்துவிட்டது என்பார். உங்களுக்கு வந்த முழங்கால் வலிகூட அவருக்கு முந்தியே வந்து, உங்களுடையதைவிட மோசமாக வலித்து, ஒரு எண்ணெயால் மாறியிருக்கும்.

இந்த இனத்துக்கு விலங்கியல் நூல்களில் பெயர் இல்லை. வாயைத் திறந்தால் முதலில் வரும் சொல்லையே பெயராக வைத்துக்கொள்வோம்: எங்களிட்டையும்-இருக்கு-காரர். இவர் பொய்யர் அல்லர். பெருமைக்காரர் என்றும் சொல்ல முடியாது. உங்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார். அதுதான் உபத்திரவம். பகையாளியை வாயை மூடு என்று சொல்லலாம். அன்பாக இருப்பவரை என்ன செய்வது?

இந்த இனத்தின் இளம் மாதிரி ஒன்று மே மாதம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு முப்பத்தைந்துக்கு லா சப்பலில் ஒரு நான்காம் மாடியிலிருந்து இறங்கி வந்தது. பெயர் கிருஷிகன். வயது இருபத்திரண்டு. பிறந்து வளர்ந்தது கனடாவின் மொன்றியலில். மக்களின் வழக்கங்களைக் கேட்டு எழுதும் படிப்புப் படிக்கிறான். எட்டு வாரப் பயிற்சிக்குப் பாரிசுக்கு வந்து, பெரியப்பா வரதராசா வீட்டு ஹாலில், நீளம் போதாத ஒரு சோபாவில் படுத்திருந்தான். பயிற்சி எங்கே? குர்திய மக்களின் ஒரு சிறிய பண்பாட்டு நிலையத்தில். தெருவின் மேல்முனையில் எங்கள் தமிழ்க் கடைகள், கீழ்முனையில் அவர்களுடைய கடைகள். ஒரே ஃபோபூர் சென்-தெனி தெரு. இரண்டு ரயில் நிலையங்களைத் தாண்டி நடந்தால் இருபத்து நான்கு நிமிடம். மொன்றியலிலிருந்து ஆறு மணிநேரம் பறந்து வந்தவனுக்கு உண்மையான வெளிநாடு அந்த இருபத்து நான்காம் நிமிடத்தில்தான் தொடங்கியது. அவனுக்கு அது தெரியவில்லை என்பதுதான் கதை.

நிலையத்துப் பொறுப்பாளர் ஷிலான் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி. குறைவாகப் பேசுபவர். வேலையை இரண்டு வசனத்தில் சொன்னார். "எங்கள் முதியவர்கள் சொல்வதைக் கேள். கேட்டதை எழுது." பயிற்சி ஒப்பந்தமான கொன்வான்சியோன் மேசையில் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. "ஒரு வாரம் பார்ப்போம்" என்றார். கையெழுத்து விழாவிட்டால் கிருஷிகனுடைய அரை வருடப் படிப்பு வீணாகும். மொன்றியலுக்குத் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டில் எது கொடிது என்று அவன் யோசித்துப் பார்த்திருக்கிறான். அப்பாவின் முகம்தான்.

கேட்க வேண்டிய முதியவர் ஷேர்கோ. எழுபத்து நான்கு வயது; இராக்கின் சுலைமானியா ஊர்க்காரர்; மீசை வெள்ளை, புருவம் கறுப்பு. எல்லோரும் அவரை "மாம் ஷேர்கோ" என்றார்கள். ஜன்னலோரம் ஒரு பித்தளைச் சமோவார் இருந்தது. அதாவது, நடுவே புகைக்குழாய் வைத்து, வயிற்றில் தண்ணீர் கொதித்து, தலையில் தேநீர்க் கேத்தலைச் சுமந்திருக்கும் பாத்திரம். பாரிசில் கரி போட்டால் மேல்மாடிக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவார் என்பதால், மாம் ஷேர்கோ தாமே அதன் அடியில் மின்சாரக் கம்பி வைத்து மாற்றியிருந்தார். காலத்தால் கறுத்து, தேன் நிறமும் புகை நிறமும் கலந்து, ஒரு பூனையைப் போல அது நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். நிலையத்தில் எந்தப் பேச்சும் அதற்குப் பக்கத்தில்தான் தொடங்கும்.

ஒன்பது பத்துக்கு மாம் ஷேர்கோ ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் தேநீர் ஊற்றி, சீனிக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து எப்படிக் குடிப்பது என்று காட்டினார்.

"ஷே நூ ஓசி!" என்றான் கிருஷிகன். எங்களிட்டையும் இருக்கு என்பதன் பிரெஞ்சு அது. அந்த மொழியில் மூன்றே சொல் என்பதால் இன்னும் வேகமாக வரும். "நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம்."

மாம் ஷேர்கோ மகிழ்ந்துபோனார். பாவம், அது முதலாவது என்று அவருக்குத் தெரியாது.

"மாம் என்றால் என்ன?" என்று கேட்டான்.

"சிற்றப்பா, பெரியப்பா. அப்பாவின் சகோதரன்."

"எங்களிடமும் இருக்கிறது! மாமா!"

"அப்பாவின் சகோதரனா?"

"இல்லை. அம்மாவின்."

"அப்படியென்றால் வேறு."

"கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்றான் கிருஷிகன்.

இந்தக் "கிட்டத்தட்ட" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? இந்த இனத்தின் முழு வாழ்வும் அதன்மேல்தான் ஓடுகிறது.

செவ்வாய்க்கிழமை நவ்ரோஸ் பெருநாளுக்கு மலைகளில் நெருப்பு மூட்டுவதைப் பற்றி மாம் ஷேர்கோ சொல்லத் தொடங்கினார். மலை என்ற சொல்லை முடிப்பதற்குள் கிருஷிகன் கார்த்திகை விளக்கீட்டுச் சொக்கப்பனைக்குப் போய்விட்டான். அதை எரித்து, சாம்பலை என்ன செய்வார்கள் என்றும் விளக்கி முடித்தபோது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. மலையில் நெருப்பு மூட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. பிற்பகலில் சுண்டுவிரல் கோத்து வளைந்த வரிசையாக ஆடும் ஆட்டத்தைக் காட்டினார்கள்.

"எங்களிடமும்! கும்மி!"

"சுண்டுவிரல் கோப்பீர்களா?" என்று கேட்டாள் ஆனைஸ். நிலையத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்யும் பிரெஞ்சுப் பெண்.

"இல்லை, கை தட்டுவோம்."

"ஆண்களும் பெண்களும் சேர்ந்தா?"

"பெண்கள் மட்டும்."

"பிறகு எது ஒன்று?"

கிருஷிகன் யோசித்தான். "வட்டம்."

புதன்கிழமை மதியம் மாம் ஷேர்கோ, 1991 வசந்தத்தில் ஊர் முழுவதும் மலை ஏறி எல்லையைத் தாண்டியதைச் சொன்னார். மூன்று நாள் நடை. மழை. கிருஷிகனின் வாய் வழக்கம்போலத் திறந்தது. "எங்களிடமும்..." என்று தொடங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூற்றைந்தில் ஒரே இரவில் எல்லோரும் வெளியேறியதைச் சொன்னான். சொன்னது உண்மைதான். ஆனால் நடந்தவர்கள் அவனுடைய பெற்றோர். அவன் நடந்த மிக நீண்ட இடப்பெயர்வு, மொன்றியலில் பனி கொட்டி பஸ் நின்றுபோன நாளில் ஆறு தரிப்பிடம். மாம் ஷேர்கோ தலையசைத்துக் கேட்டார். பிறகு தம்முடைய மூன்றாம் நாளைச் சொல்லாமலே குவளையைக் கழுவப் போய்விட்டார்.

அன்று மாலை ஷிலான் கிருஷிகனின் குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். குர்திய மக்களைப் பற்றி நான்கு வரி இருந்தது. யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பதினொரு பக்கம். புத்தகத்தை இரண்டு கையாலும் மூடித் திருப்பிக் கொடுத்தார். கொன்வான்சியோனை மேசையிலிருந்து எடுத்து இழுப்பறையில் வைத்தார்.

இழுப்பறை சாத்தப்பட்ட ஓசை கிருஷிகனுக்கு உறைத்தது. ஆகவே வியாழக்கிழமை ஒரு தீர்மானத்தோடு வந்தான்: இன்றைக்கு ஒப்பிடுவதில்லை. காலை முழுக்கத் தவறினான், பதினொரு தரம். பிற்பகல் நான்கு மணிக்குத்தான் தீர்மானம் பலித்தது. மாம் ஷேர்கோவும் அவனும் மட்டும் சமோவாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். கிருஷிகன் அதன் வளைந்த கைபிடியைத் தடவிப் பார்த்து, வாழ்வில் முதல் தடவையாக, மனசாரச் சொன்னான்:

"மாம் ஷேர்கோ, இவ்வளவு வடிவான ஒன்று எங்களிடம் இல்லை."

அந்த மனிதர் அவனைப் பார்த்தார். நான்கு நாளாக உலகத்தில் உள்ள எல்லாம் இருந்த பையனிடம் இது ஒன்று இல்லையாம். வலது கையை நெஞ்சில் வைத்தார்.

"பேஷ்கேஷ்" என்றார். "உனக்குத்தான். எடுத்துக்கொள்."

இந்த இடத்தில் ஒரு குர்தியப் பிள்ளை என்ன செய்யும்? தானும் நெஞ்சில் கை வைத்து, "உங்கள் வீட்டிலேயே அது சிறக்கட்டும்" என்று சொல்லும். அவர் மறுபடி எடுக்கச் சொல்வார். பிள்ளை மறுபடி மறுக்கும். இருவரும் தேநீர் குடிப்பார்கள். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், அன்பு மட்டும் கை மாறும். புகழ்ந்தவருக்குப் பொருளை நீட்டுவது அங்கே மரியாதை. மறுப்பதும் மரியாதை.

கிருஷிகன் கேட்டிருக்கலாம். கேட்பதுதானே அவனுக்குக் கொடுத்த வேலை? ஆனால் பெரியவர்கள் தருவதை மறுக்கக் கூடாது, இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்பது அவனுக்கு மூன்று வயதிலிருந்து தெரியும். தெரிந்ததை ஏன் கேட்பது? இது எங்களிட்டையும் இருக்கிறதே!

இரண்டு கையையும் நீட்டினான். வாங்கினான். மின்கம்பியைக் கழற்றி, மிச்சத் தண்ணீரை ஊற்றி, தலையில் இருந்த கேத்தலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, நான்கு நாற்பதுக்குப் புறப்பட்டுவிட்டான். மாம் ஷேர்கோவின் கை நெஞ்சிலேயே இருந்தது. அதை எப்போது எடுத்தார் என்று பார்த்தவர் எவருமில்லை.

லா சப்பல் வந்ததும் முதலில் பெரியப்பாவின் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தான். வரதராசா அதை வாங்கி, மரக்கறித் தராசில் வைத்தார். ஐந்து கிலோ எண்ணூறு கிராம்.

"இதென்ன அதிசயம் எண்டு தூக்கிக்கொண்டு வாறாய்?" என்றார். "உது எங்களிட்டையும் இருந்தது. டவுன் தேத்தண்ணிக் கடையிலை, இதிலும் பெரிசு."

இந்த இனம் பரம்பரையாக வருவது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மாடியில் பெரியம்மா யோகராணி கதவைத் திறந்தார். "என்ன மோனை, இரவலோ?"

"இல்லைப் பெரியம்மா. தந்தவர்."

"உப்பிடி ஒரு சாமானை ஆர் சும்மா தருவினம்? இரவலாத்தான் தந்திருப்பினம். உனக்குத்தான் விளங்கேல்லை."

"பெரியம்மா, அவர் நெஞ்சிலை கை வைச்சுத் தந்தவர்!"

"நெஞ்சிலை கை வைச்சவர் எண்டால் மனுசனுக்கு நெஞ்சு நொந்திருக்கு. பார், எவ்வளவு ஊத்தை. இரவல் ஏனத்தை ஊத்தையோடை திருப்பிக் குடுக்கேலாது."

சொல்லிவிட்டுப் பழப்புளியைக் கரைத்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் தேய்த்தார். எத்தனையோ வருடத்துப் புகையும் தேனும் குசினித் தொட்டியின் வழியே பாரிஸ் மாநகரின் சாக்கடையில் கலந்தன. சமோவார் புதுத் தாலிபோல மின்னியது.

வெள்ளிக்கிழமை காலை கிருஷிகன் நிலையத்துக்குள் காலடி வைத்தபோது மிக அமைதியாக இருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு வட்ட வடிவ வெளிறல் மட்டும். எல்லோரும் பிளாஸ்டிக் போத்தலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "காலை வணக்கம்" என்றார்கள், வழக்கத்தைவிட மரியாதையாக. மாம் ஷேர்கோ வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, ஐந்தைந்தாகக் கோடுகள்.

"இது என்ன?" என்று ஆனைஸிடம் கேட்டான். அந்த வாரத்தில் அவன் ஒரு விடையும் கைவசம் இல்லாமல் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

"நீ 'ஷே நூ ஓசி' சொன்ன தடவைகள். திங்கள் பதினான்கு, செவ்வாய் பத்தொன்பது, புதன் இருபத்து மூன்று, நேற்றுப் பதினொன்று. அறுபத்தேழு. கோபிக்காதே, எல்லோரும் உன்னை விரும்பித்தான் கோடு போட்டார்கள். ஆனால் சமோவாரை நீ எடுத்திருக்கக் கூடாது."

"அவர்தான் தந்தார்!"

"எனக்கும் தந்தார். நான் வந்த முதல் மாதம், அவருடைய மேலங்கி வடிவாக இருக்கிறது என்று சொன்னேன். கழற்றித் தந்தார். போட்டுக்கொண்டு போய்விட்டேன். அது பெப்ரவரி மாதம்." ஆனைஸ் பெருமூச்சு விட்டாள். "ஒன்பது வருடமாக அலுமாரியில் தொங்குகிறது."

"திருப்பிக் கொடுத்திருக்கலாமே?"

"கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் 'நீ மனசாரத் தரவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். அவரும் கேட்க முடியாது, நானும் கொடுக்க முடியாது. மேலங்கி என்பதால் பரவாயில்லை." குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் சமோவார் அவருடைய மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. மலை ஏறியபோது மூன்றாம் நாள் எல்லோரும் சுமையை வீசினார்களாம். அவர் போர்வையை வீசிவிட்டு இதைச் சுமந்தார். மனைவி போய் ஏழு வருடம். நாளைக்கு மாதக் கூட்டம், அறுபது பேர் வருவார்கள். அவர் வருவாரோ தெரியாது."

கிருஷிகனின் வாய் திறந்தது. எங்களிட்டையும் என்று வரவேண்டிய இடம்தான் அது. அவனுடைய அம்மா தொண்ணூற்றைந்தில் ஒரு தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தார். வாய் திறந்தபடியே இருந்தது. ஒன்றும் வரவில்லை. அன்றைய கோடு பூச்சியம்.

ஷிலான் மாலையில் சொன்னது ஒரு வசனம்தான். "திங்கட்கிழமை ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோம்." இழுப்பறை பூட்டியிருந்தது.

ஆறரை மணிக்கு வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புவித்தான். வரதராசா, "அப்ப என்ன, திருப்பிக் குடுக்கவும் ஏலாது, வைச்சிருக்கவும் ஏலாது. எங்களிட்டையும் உப்பிடி ஒரு..." என்று தொடங்கினார்.

"நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றார் யோகராணி. "நான் அப்பவே சொன்னனான் இரவல் எண்டு. நாளைக்கு நானும் வாறன். கடையிலை இருந்து இரண்டு பெட்டி சீனிக் கட்டி எடுத்துத் தாங்கோ."

"சீனி என்னத்துக்கு?"

"உங்களுக்கு உதும் சொல்லித் தரவேணுமோ?"

சனிக்கிழமை மூன்று நாற்பதுக்கு மரக்கறி வண்டிலில் சமோவாரை வைத்து, பழைய சேலையால் போர்த்து, பெரியம்மாவும் கிருஷிகனும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அவமதிப்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறோம் என்றே வழியெல்லாம் அவன் நினைத்தான்.

மாம் ஷேர்கோ வந்திருந்தார். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். மேசையில் இரண்டு பிளாஸ்டிக் மின்கேத்தல்கள். அறுபது பேர், தாள் குவளைகளில் தேநீர்ப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு ரயில் நிலையம்போல. யோகராணி நேரே அவர் முன்னால் போய் நின்று சேலையை எடுத்தார்.

ஷிலான் கண்ணை மூடிக்கொண்டார்.

மாம் ஷேர்கோவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. எழுந்தார். பளபளப்பில் தம்முடைய மீசையைப் பார்த்தார். கைபிடியைத் தடவியபோதுதான் கை கண்டுபிடித்தது. "என் ருனாக் இதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில்," என்றார் மெதுவாக, "இப்படித்தான் இருந்தது."

பிறகு தம்மைச் சுதாரித்துக்கொண்டு கையை நெஞ்சில் வைத்தார். "ஆனால் இது இந்தப் பிள்ளையுடையது. தந்தது தந்ததுதான்."

"என்னவாம்?" என்றார் யோகராணி.

கிருஷிகன் சொன்னான்.

"அவருக்கு நான் சொல்லுறதைச் சொல்லு. ஒண்டும் கூட்டாதை, குறையாதை. இரவல் தந்ததுக்குப் பெரிய உபகாரம் எண்டு சொல்லு. மூடியைத் திறக்கச் சொல்லு."

ஒரு வாரத்தில் முதல் தடவையாகக் கிருஷிகன் கேட்டதை மட்டும் சொன்னான். தன்னுடையதாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

மாம் ஷேர்கோ மூடியைத் திறந்தார். தண்ணீர் இருக்க வேண்டிய வயிற்றில், கழுத்துவரைக்கும், வெள்ளை வெளேரென்று சீனிக் கட்டி. இரண்டு கிலோ.

"இரவல் வாங்கின ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கக் கூடாது" என்றார் யோகராணி. கிருஷிகன் மொழிபெயர்த்தான், அவனுடைய தொண்டையில் மூன்று சொல் ஏறி வந்தது, விழுங்கினான்.

மாம் ஷேர்கோ சீனியைப் பார்த்தார். யோகராணியைப் பார்த்தார். கறுத்த புருவம் இரண்டும் மேலே போயின.

"ஷே நூ ஓசி!" என்று கத்தினார்.

அறை இடிந்து விழுந்ததுபோல் சிரித்தது. அவர் நிறுத்தவில்லை. "எங்களிடமும் இருக்கிறது! என் தாய் அயல்வீட்டுக் கிண்ணத்தை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை! அப்படியென்றால் இது கொடுத்தது அல்ல. இரவல்தான். சரிதானே ஷிலான்? நிறைந்து வந்தால் இரவல்தானே?"

"இரவல்தான்" என்றார் ஷிலான். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது சிரிப்பா வேறொன்றா என்று ஆனைஸுக்கும் கிருஷிகனுக்கும் இன்றுவரை கருத்து வேற்றுமை.

சீனியை வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைக்க முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. எவ்வளவு துடைத்தாலும் மூலையில் ஒட்டியது ஒட்டியதுதான். அன்றைய தேநீர் எல்லோருக்கும் இனித்தே வந்தது. அந்த நேரத்துக்குள் மாம் ஷேர்கோ கிருஷிகனைப் பக்கத்தில் இருத்தி, மூன்றாம் நாளைச் சொன்னார். கிருஷிகன் கேட்டான். "பிறகு?" என்று மட்டும் சொன்னான். ஒன்பது பக்கம் எழுதினான். யாழ்ப்பாணம் எங்கும் வரவில்லை. ஐந்தரைக்கு ஷிலான் வந்து, இழுப்பறையிலிருந்து எடுத்த கொன்வான்சியோனைச் சமோவார் மேசையிலேயே வைத்துக் கையெழுத்திட்டார். தாளில் ஒரு சீனித் துணுக்கு ஒட்டிக்கொண்டது. மொன்றியல் பல்கலைக்கழகத்துக்கு அது அப்படியே போயிற்று.

போகும்போது கிருஷிகன் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். தன்னுடைய அறுபத்தேழு கோட்டுக்குக் கீழே மாம் ஷேர்கோ என்று எழுதி, ஒரு கோடு போட்டான். ஆனைஸ் வீட்டுக்கு ஓடினாள். மேலங்கியின் இரண்டு பைகளையும் எதால் நிரப்பலாம் என்று யோசித்தபடி.

இப்போது உங்களிடம் ஒரு சிறு கேள்வி. இரவல் பாத்திரத்தைச் சீனியோடு திருப்பிக் கொடுத்த இடத்தை வாசித்தபோது, "இதென்ன, எங்கள் வீட்டிலும் அப்படித்தானே, நாங்கள் அரிசி போட்டுக் கொடுப்போம்" என்று உங்கள் உதடு ஒரு கணம் அசைந்ததல்லவா? அதற்கு முன்னே, பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்த இடத்தில்? முழங்கால் எண்ணெயில்? பரவாயில்லை, வெட்கப்படாதீர்கள். பேனாவை எடுத்து இந்தப் பக்கத்தின் ஓரத்தில் உண்மையான எண்ணிக்கையைக் கோடாகப் போட்டுவிடுங்கள். என்னுடையதை ஏற்கெனவே போட்டுவிட்டேன். உங்களுடையதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.